அறுவை மகப்பேற்றில் மயக்க முறைகள்

சிசேரியன் எனப்படும் அறுவை மகப்பேற்றின்போது தாய்க்கு வலி தெரியாமல் இருப்பதற்காகக் கையாளப்படும் மருத்துவ முறைகள் மயக்க முறைகள் எனப்படுகின்றன. பேச்சு வழக்கில் எல்லாவற்றையும் 'மயக்க ஊசி' என்றே சொன்னாலும், இவை அனைத்திலும் தாய் மயங்குவதில்லை. இன்று பெரும்பாலான அறுவை மகப்பேறுகளில் தாய் விழித்தபடியே இருக்கிறார். மார்புக்குக் கீழே உள்ள பகுதி மட்டும் மரத்துப்போகிறது.

இம்முறைகளை இரு பெரும் பிரிவுகளாகப் பிரிக்கலாம். உடலின் ஒரு பகுதியை மட்டும் மரக்கச் செய்வது வட்டார மயக்கம். நினைவையே நீக்கித் தூங்கச் செய்வது முழு மயக்கம். தண்டுவட ஊசி, எபிடூரல், இவை இரண்டும் இணைந்த முறை ஆகியவை வட்டார மயக்கத்தின் வகைகள்.

2019-21 ஆம் ஆண்டுகளில் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 21.5 விழுக்காட்டுப் பிறப்புகளும் தமிழ்நாட்டில் 44.9 விழுக்காட்டுப் பிறப்புகளும் அறுவை மூலம் நிகழ்ந்தன. ஆகவே தமிழ்நாட்டில் ஏறக்குறைய இரண்டில் ஒரு குடும்பம் இந்த முறைகளை நேரில் சந்திக்கிறது. முதுகில் ஊசி போட்டால் காலமெல்லாம் முதுகுவலி வரும் என்று அஞ்சி, முழு மயக்கமே கொடுங்கள் என்று கேட்கும் குடும்பங்களும் உண்டு. எந்த முறை எதற்காகத் தேர்ந்தெடுக்கப்படுகிறது என்பதை அறிந்தால் இந்த அச்சம் பெரிதும் குறையும்.

வரலாறு

ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகர மருத்துவர் ஜேம்ஸ் யங் சிம்ப்சன் 1847 சனவரியில் மகப்பேற்றில் முதன்முதலாக ஈதரைப் பயன்படுத்தினார். அதே ஆண்டு நவம்பரில் குளோரோஃபார்மைப் பயன்படுத்தினார். பேறுகால வலி இயற்கையானது, அதை நீக்குவது முறையா என்ற எதிர்ப்பு அன்று எழுந்தது. 1853இல் விக்டோரியா அரசியாருக்கு இளவரசர் லியோபோல்டு பிறந்தபோது மருத்துவர் ஜான் சுனோ குளோரோஃபார்ம் கொடுத்தார். அதன்பின் இம்முறை மக்களிடையே ஏற்பைப் பெற்றது.

தண்டுவட ஊசியின் கதை 1898இல் தொடங்குகிறது. செருமனியின் கீல் நகரில் அறுவை மருத்துவர் ஆகஸ்ட் பியர், கொக்கெயின் மருந்தைத் தண்டுவடத் திரவத்தில் செலுத்தி அறுவை செய்தார். பின்னர் தம் உடலிலேயே இதைச் சோதிக்க முயன்றார். அதன்பின் நிமிர்ந்தால் மிகுந்தும் படுத்தால் குறைந்தும் பல நாள்கள் நீடித்த தலைவலி அவருக்கு ஏற்பட்டது. தண்டுவட ஊசிக்குப் பின் வரும் தலைவலியைப் பற்றிய முதல் விளக்கங்களுள் ஒன்று அவர் தம் அனுபவத்திலிருந்து எழுதியதே.

1946இல் அமெரிக்க மகப்பேறு மருத்துவர் கர்ட்டிஸ் மெண்டல்சன் ஒரு முக்கியமான ஆய்வை வெளியிட்டார். நியூயார்க் மருத்துவமனை ஒன்றில் 44,016 கருவுற்ற பெண்களின் பதிவுகளை ஆராய்ந்ததில், 66 பேருக்கு மயக்க நிலையில் வயிற்றிலிருந்த உணவோ அமிலமோ நுரையீரலுக்குள் சென்றிருந்தது. அவர்களுள் இருவர் இறந்தனர். பேறுகாலத்தில் முழு மயக்கம் தனிக்கவனத்துக்குரியது என்பதை இந்த ஆய்வு உணர்த்தியது. அறுவைக்கு முன் வெறும் வயிற்றோடு இருக்கச் சொல்வதற்கும் இதுவே அடிப்படை.

கருவுற்ற உடலின் மாற்றங்கள்

நிறைமாதப் பெண்ணுக்கு மயக்கம் கொடுப்பது பிறருக்குக் கொடுப்பதைப் போன்றதன்று. அதற்குரிய காரணங்கள் நான்கு.

முதலாவது, மூச்சு. வளர்ந்த கருப்பை உதரவிதானத்தை மேலே தள்ளுகிறது. மூச்சை வெளியே விட்ட பிறகு நுரையீரலில் எஞ்சியிருக்கும் காற்று ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. அதேவேளை உடலின் ஆக்சிசன் தேவை ஏறத்தாழ அதே அளவு கூடுகிறது. இருப்பு குறைந்து செலவு கூடுவதால், மூச்சு சற்று நேரம் நின்றாலும் இரத்தத்தில் ஆக்சிசன் விரைவாக இறங்கிவிடும்.

இரண்டாவது, மூச்சுவழி. கருவுற்ற காலத்தில் தொண்டையின் உட்சவ்வுகள் வீங்கியிருக்கும். மார்பகங்களும் பெருத்திருக்கும். எனவே மூச்சுக்குழாயில் செயற்கைக் குழாயைச் செலுத்துவது கடினமாகலாம். பேறுகாலத்தில் சுமார் 400 பேரில் ஒருவருக்கு இந்த முயற்சி தோற்கிறது எனப் பிரித்தானிய ஆய்வுகள் கூறுகின்றன. இது பிற அறுவைகளில் காணப்படுவதைவிட அதிகம்.

மூன்றாவது, இரைப்பை. புரோசெசுட்டிரோன் என்னும் இயக்குநீர் இரைப்பையின் மேல்வாயை இறுக்கும் தசையைத் தளர்த்துகிறது. வலி தொடங்கியபின் உணவு செரித்து இறங்குவதும் தாமதப்படுகிறது. ஆகவே இரைப்பை அமிலம் எதுக்களித்து மேலேறும் வாய்ப்பு மிகுதி.

நான்காவது, இரத்த ஓட்டம். தாய் மல்லாந்து படுக்கும்போது கருப்பையின் எடை வயிற்றிலுள்ள பெரிய இரத்தக் குழாய்களை அழுத்துகிறது. இதயத்துக்குத் திரும்பும் இரத்தம் குறைந்து இரத்த அழுத்தம் விழுகிறது. குழந்தைக்குச் செல்லும் இரத்தமும் குறைகிறது. அதனால்தான் அறுவை மேசையில் தாயின் வலப்பக்க இடுப்புக்குக் கீழே சிறு திண்டு வைத்து, அவரை இடப்பக்கமாகச் சற்றுச் சாய்த்துப் படுக்கவைக்கிறார்கள்.

முதல் மூன்று காரணங்களும் முழு மயக்கத்தைக் கடினமாக்குகின்றன. நான்காவது எல்லா முறைகளுக்கும் பொது.

தண்டுவட ஊசி

திட்டமிட்ட அறுவை மகப்பேறுகளில் மிகுதியாகப் பயன்படுவது இதுவே. தாய் உட்கார்ந்தோ ஒருக்களித்தோ முதுகை வளைத்துக் கொள்ள, இடுப்புப் பகுதி முள்ளெலும்புகளின் இடைவெளியில் மெல்லிய ஊசி செலுத்தப்படுகிறது. பெரியவர்களில் தண்டுவடம் முதலாவது, இரண்டாவது இடுப்பு முள்ளெலும்புகளின் அளவிலேயே முடிந்துவிடுகிறது. ஊசி அதற்குக் கீழே, பெரும்பாலும் மூன்றாவது, நான்காவது முள்ளெலும்புகளுக்கு இடையே போடப்படுகிறது. அவ்விடத்தில் தண்டுவடம் இல்லை. திரவத்தில் மிதக்கும் நரம்பு இழைகளே உள்ளன. 'ஊசி தண்டுவடத்தைக் குத்திவிடுமோ' என்ற அச்சத்துக்கு உடற்கூறு தரும் விடை இது.

பொதுவாகப் பயன்படும் மருந்து புபிவக்கெயின். சுமார் 2 மில்லிலிட்டர் போதும். திரவத்தைவிட மருந்து கனமாக இருக்கும்படி அதில் குளுக்கோசு சேர்க்கப்பட்டிருக்கும். எனவே தாயைப் படுக்கவைக்கும் விதத்தைக் கொண்டு மருந்து பரவும் உயரத்தை ஓரளவு கட்டுப்படுத்த முடிகிறது.

நரம்பில் வலிச்செய்தி ஓடுவதற்குச் சோடியம் அயனிகள் நரம்பிழைக்குள் நுழைய வேண்டும். இம்மருந்து அந்த வாயில்களை அடைத்துவிடுகிறது. வலியையும் வெப்பத்தையும் உணர்த்தும் மெல்லிய இழைகள் முதலில் செயலிழக்கின்றன. தொடுதலையும் அழுத்தத்தையும் உணர்த்தும் தடித்த இழைகள் முழுமையாக அடங்குவதில்லை. 'கத்தி பட்டது வலிக்கவில்லை, ஆனால் யாரோ வயிற்றை இழுப்பது தெரிந்தது' என்று தாய்மார்கள் சொல்வது இதனால்தான். இது இயல்பு. வலி தெரிந்தால் அது இயல்பன்று. உடனே சொல்ல வேண்டும்.

அறுவை தொடங்கும் முன் பனிக்கட்டியாலோ ஸ்பிரிட் நனைத்த பஞ்சாலோ தொட்டு, குளிர்ச்சி தெரிகிறதா என மருத்துவர் கேட்பார். மார்புக் காம்பின் அளவு வரை உணர்வு மறைந்தால்தான் அறுவைக்குப் போதுமானது. வெட்டு அடிவயிற்றில்தானே, மார்பு வரை ஏன் மரக்க வேண்டும் என்று தோன்றலாம். வயிற்றின் உட்சவ்விலிருந்து வலியைக் கொண்டு செல்லும் நரம்புகள் தண்டுவடத்தின் மேற்பகுதியில் சென்று சேர்வதே காரணம்.

நன்மைகள்: சில நிமிடங்களில் வேலை செய்யும், மருந்தின் அளவு மிகக் குறைவு என்பதால் குழந்தைக்குச் சேருவது மிகச் சொற்பம், மூச்சுக்குழாயில் குழாய் தேவையில்லை, தாய் குழந்தையின் முதல் அழுகையைக் கேட்கலாம், உடனே முகம் பார்க்கலாம்.

குறைகள்: இரத்த அழுத்தம் இறங்குவதே மிகுதியாகக் காணப்படும் விளைவு. குமட்டலும் தலைச்சுற்றலும் அதன் முன்னறிகுறிகள். நரம்புவழித் திரவமும் ஃபினைல்எஃப்ரின் போன்ற மருந்துகளும் கொடுத்து இதை உடனுக்குடன் சரிசெய்கிறார்கள். நடுக்கம், அரிப்பு ஆகியனவும் வரலாம். அரிதாக மருந்து மிக உயரமாகப் பரவினால் கைகள் தளர்ந்து மூச்சு கடினமாகும். அப்போது செயற்கைச் சுவாசம் தேவைப்படலாம். ஒரே ஊசி என்பதால் மருந்தின் காலம் ஏறக்குறைய ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம். அறுவை நீண்டால் வேறு ஏற்பாடு வேண்டும்.

எபிடூரலும் இணைந்த முறையும்

தண்டுவடத் திரவத்தைச் சூழ்ந்துள்ள உறைக்கு வெளியே உள்ள இடைவெளியில் மெல்லிய குழாய் ஒன்றை வைத்து, அதன் வழியே வேண்டியபோதெல்லாம் மருந்து செலுத்துவது எபிடூரல் முறை. மருந்து உறையைத் தாண்டி நரம்புகளை அடைய வேண்டியிருப்பதால், அறுவைக்கு 15 முதல் 20 மில்லிலிட்டர் வரை தேவைப்படுகிறது. வேலை செய்யவும் கூடுதல் நேரமாகும்.

இயல்பான பிரசவத்தின்போது வலி குறைப்பதற்கு ஏற்கெனவே எபிடூரல் போடப்பட்டிருந்து, பின்னர் அறுவை தேவைப்பட்டால் இம்முறை மிகவும் உதவும். அதே குழாயில் வலுவான மருந்தைச் செலுத்தி அறுவையைத் தொடங்கலாம்.

இணைந்த முறையில் முதலில் தண்டுவட ஊசியும், அதன் வேகம் தணியும்போது பயன்படுத்த எபிடூரல் குழாயும் ஒருங்கே அமைகின்றன. அறுவை நீண்ட நேரம் ஆகக்கூடும் என எதிர்பார்க்கும்போதும், இதய நோயுள்ள தாய்க்கு மருந்தைச் சிறிது சிறிதாகக் கொடுக்க வேண்டியபோதும் இது ஏற்றது.

முழு மயக்கம்

முழு மயக்கத்தில் தாய்க்கு நினைவு இராது. முதலில் முகமூடி வழியாகச் சில நிமிடங்கள் தூய ஆக்சிசன் கொடுக்கிறார்கள். வயிற்றைத் துடைத்து, துணி விரித்து, அறுவை மருத்துவர் ஆயத்தமாக நின்ற பிறகே தூக்க மருந்து செலுத்தப்படுகிறது. மருந்து நஞ்சுக்கொடி வழியே குழந்தையைச் சேரும் நேரத்தைக் குறைப்பதே இதன் நோக்கம். தயோபென்டோன் அல்லது புரோபோஃபால் தூக்கத்துக்கும், சக்சமெத்தோனியம் போன்றவை தசைத் தளர்ச்சிக்கும் பயன்படுகின்றன. பின் மூச்சுக்குழாயில் குழாய் பொருத்தப்படுகிறது.

கீழ்க்காணும் நிலைகளில் முழு மயக்கமே சரியான தேர்வாகலாம்.

1. தாய் அல்லது குழந்தையின் உயிருக்கு உடனடி ஆபத்து, நிமிடங்கள்கூடக் காத்திருக்க முடியாத நிலை.
2. மிகுந்த இரத்தப்போக்கு. தண்டுவட ஊசி இரத்த அழுத்தத்தை மேலும் இறக்கிவிடும்.
3. இரத்தம் உறைவதில் கோளாறு, தட்டணுக்கள் மிகவும் குறைந்திருத்தல், இரத்த உறைவைத் தடுக்கும் மருந்தை அண்மையில் எடுத்திருத்தல்.
4. ஊசி போடவேண்டிய இடத்தில் தொற்று.
5. வலிப்புக்குப் பின் நினைவு திரும்பாதிருத்தல்.
6. வட்டார மயக்கம் பலனளிக்காமை, அல்லது தாய் அதற்கு உடன்படாமை.

இம்முறையின் முதன்மையான இடர்கள் மூச்சுவழி தொடர்பானவை. கருப்பை சரியாகச் சுருங்காமல் இரத்தப்போக்கு கூடவும் செய்யலாம். அரிதாக, அறுவையின்போது தாய்க்கு ஓரளவு நினைவு திரும்புவதும் உண்டு. 2014இல் வெளியான பிரித்தானிய ஆய்வொன்று, முழு மயக்கத்தில் நடக்கும் அறுவை மகப்பேறுகளில் சுமார் 670இல் ஒன்றில் இவ்வாறு நேர்ந்ததாகத் தாய்மார்கள் தெரிவித்தனர் எனக் கணக்கிட்டது. எல்லா அறுவைகளையும் சேர்த்துப் பார்த்தால் அது சுமார் 19,000இல் ஒன்று. குழந்தைக்காக மருந்தைக் குறைவாகக் கொடுப்பதும் அவசரமும் இதற்குக் காரணங்கள்.

எது பாதுகாப்பானது?

அமெரிக்காவில் 1985-90 ஆம் ஆண்டுகளில் அறுவை மகப்பேற்றில் மயக்கம் தொடர்பான இறப்புகளை ஆராய்ந்தபோது, வட்டார மயக்கத்தைவிட முழு மயக்கத்தில் இறப்பு விகிதம் ஏறத்தாழ 17 மடங்காக இருந்தது. 1997-2002 காலத்தில் அது 1.7 மடங்காகக் குறைந்தது. இந்த எண்களைக் கவனமாகப் படிக்க வேண்டும். முழு மயக்கம் பெறுபவர்களில் பலர் ஏற்கெனவே ஆபத்தான நிலையில் வருபவர்கள். ஆகவே வேறுபாடு முழுவதும் மயக்க முறையால் மட்டும் வந்ததன்று. கருவிகளும் பயிற்சியும் மேம்பட்டதால் முழு மயக்கமும் முன்னைவிடப் பாதுகாப்பாகியுள்ளது என்பதையும் அவை காட்டுகின்றன.

இதிலிருந்து பெறும் முடிவு இதுதான்: தடை ஏதும் இல்லாதபோது வட்டார மயக்கமே முதல் தேர்வு. தடை இருக்கும்போதும் நேரம் இல்லாதபோதும் முழு மயக்கம் உயிர் காக்கும் வழி. முதுகுவலி வரும் என்ற அச்சம் ஒன்றுக்காக மட்டும் முழு மயக்கத்தைக் கேட்பது சிறிய தொல்லைக்கு அஞ்சிப் பெரிய இடரைத் தேடிக்கொள்வதாகும்.

தேர்வில் அவசரத்தின் அளவு முக்கியப் பங்கு வகிக்கிறது. அறுவை மகப்பேற்றை நான்கு படிநிலைகளாகப் பிரிப்பது பிரித்தானியாவில் நிலைபெற்ற வழக்கம்: உயிருக்கு உடனடி ஆபத்து; பாதிப்பு உண்டு, ஆனால் உடனடி உயிராபத்து இல்லை; பாதிப்பு இல்லை, ஆனால் விரைவில் பேறு நிகழ வேண்டும்; வசதியான நாளில் திட்டமிட்டுச் செய்வது. கடைசி மூன்றிலும் பெரும்பாலும் தண்டுவட ஊசிக்கு நேரம் இருக்கும். முதல் படிநிலையிலும் தேர்ந்த மருத்துவர் ஒருவரால் தண்டுவட ஊசியை விரைந்து போட்டுவிட முடிவதுண்டு.

தொடர்புடைய பிற சிகிச்சைகள்

ஆயுதப் பிரசவம்: இடுக்கியோ உறிஞ்சு கருவியோ கொண்டு குழந்தையை எடுக்கும்போது, எபிடூரல் இருந்தால் அதுவே போதும். இல்லாவிட்டால் பிறப்புறுப்புப் பகுதிக்குச் செல்லும் நரம்பை மரக்கச் செய்யும் ஊசி போடப்படுகிறது.

தையல்: பிரசவத்தின்போது ஏற்படும் சிறு கிழிசலுக்கும் வெட்டுக்கும் அந்த இடத்தில் மட்டும் லிக்னோக்கெயின் ஊசி போடுவார்கள். ஆழமான கிழிசலுக்குத் தண்டுவட ஊசி தேவைப்படும்.

தங்கிவிட்ட நஞ்சுக்கொடியை அகற்றுதல்: இரத்தப்போக்கு கட்டுக்குள் இருந்தால் தண்டுவட ஊசி, மிகுதியாக இருந்தால் முழு மயக்கம்.

கருப்பை வாய்த் தையல்: கரு கலையாமல் காக்க, பெரும்பாலும் கருவுற்ற 12 முதல் 14 வாரங்களில் செய்யப்படுவது. குறைந்த அளவு மருந்துடன் தண்டுவட ஊசி போதுமானது.

குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை: சிசேரியனோடு சேர்த்துச் செய்தால் தனியாக மயக்கம் தேவையில்லை.

பரவலான ஐயங்கள்

முதுகுவலி: ஊசி போட்ட இடத்தில் சில நாள்கள் நோவு இருக்கலாம். ஆனால் தண்டுவட ஊசி நெடுநாள் முதுகுவலியை உண்டாக்குகிறது என்று ஆய்வுகள் நிறுவவில்லை. கருவுற்ற காலத்தில் இடுப்பின் தசைநார்கள் தளர்கின்றன. வயிறு முன்தள்ளுவதால் முதுகெலும்பின் வளைவு மாறுகிறது. பிறகு குழந்தையைக் குனிந்து தூக்குவதும், முதுகுக்குச் சாய்மானம் இல்லாமல் உட்கார்ந்து பாலூட்டுவதும் சேர்கின்றன. சுகப்பிரசவம் ஆன பெண்களுக்கும் இந்த வலி வருவது இதனால்தான்.

தலைவலி: உறையில் விழுந்த துளை வழியே திரவம் கசிவதால் சிலருக்குத் தலைவலி வரும். உட்கார்ந்தால் மிகும், படுத்தால் குறையும் என்பது இதன் அடையாளம். 1951 முதல் பயன்பாட்டுக்கு வந்த பென்சில் முனை ஊசிகள் உறையை வெட்டாமல் இழைகளை விலக்கிச் செல்வதால், இன்று இது நூற்றில் ஒருவர் அளவிலேயே காணப்படுகிறது. பெரும்பாலும் சில நாள்களில் தானே சரியாகும். கடுமையாக இருந்தால் தாயின் இரத்தத்திலேயே 15 முதல் 20 மில்லிலிட்டர் எடுத்து உறைக்கு வெளியே செலுத்தித் துளையை அடைப்பார்கள்.

தலையணை: தலையணை இல்லாமல் ஒரு நாள் முழுதும் அசையாமல் படுத்தால் தலைவலி வராது என்ற வழக்கம் நம்மிடையே உள்ளது. அவ்வாறு படுப்பது தலைவலியைத் தடுப்பதாக ஆய்வுகள் காட்டவில்லை. மாறாக, மரப்பு நீங்கியபின் துணையோடு எழுந்து நடப்பது கால்களில் இரத்தம் உறைவதைத் தடுக்க உதவும்.

தாய்ப்பால்: தண்டுவட ஊசிக்குப் பின் உடனேயும், முழு மயக்கத்துக்குப் பின் தாய் நன்கு விழித்துக் குழந்தையைப் பிடிக்க முடிந்தவுடனும் பால் கொடுக்கலாம். மயக்க மருந்துக்காக முதல் பாலைப் பீய்ச்சிக் கொட்ட வேண்டியதில்லை.

தாயும் குடும்பமும் செய்ய வேண்டியவை

மயக்கவியல் மருத்துவர் அறுவைக்கு முன் கேட்கும் கேள்விகள் வெறும் சடங்கல்ல. முன்பு மயக்க மருந்து பெற்றபோது தொல்லை இருந்ததா, குடும்பத்தில் யாருக்கேனும் இருந்ததா, ஆஸ்துமா, இதய நோய், மருந்து ஒவ்வாமை, முதுகெலும்பு அறுவை, ஆடும் பல் ஆகியவை உண்டா என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஹெபரின் வகை ஊசி போட்டுக்கொள்பவர்கள் கடைசியாகப் போட்ட நேரத்தைக் குறித்துச் சொல்ல வேண்டும். தடுப்பு அளவில் எடுத்திருந்தால் 12 மணி நேரமும், சிகிச்சை அளவில் எடுத்திருந்தால் 24 மணி நேரமும் கழித்தே முதுகில் ஊசி போடுவது வழக்கம்.

திட்டமிட்ட அறுவைக்கு முன் 6 மணி நேரம் திட உணவு கூடாது. தெளிந்த நீரை 2 மணி நேரத்துக்கு முன்பு வரை அருந்த மருத்துவர்கள் பொதுவாக அனுமதிக்கிறார்கள். பசியாக இருப்பாளே என்று உறவினர்கள் அன்பினால் இட்லியோ பாலோ கொடுத்திருந்தால் அதைத் தயங்காமல் சொல்லிவிட வேண்டும். தண்டுவட ஊசிதானே போடப்போகிறார்கள் என்று எண்ணக் கூடாது. எந்த அறுவையும் இடையில் முழு மயக்கத்துக்கு மாற நேரலாம்.

அறுவைக்குப் பின் சில மணி நேரத்தில் கால்கள் அசையத் தொடங்கும். மரப்பு குறையாமல் நீடித்தாலும், போன மரப்பு திரும்பினாலும், சிறுநீர் கட்டுப்பாடின்றிப் போனாலும், காய்ச்சலோடு கடும் முதுகுவலி வந்தாலும், படுத்தாலும் குறையாத தலைவலி இருந்தாலும் உடனே மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும். இவை மிக அரிதானவை. ஆனால் காலம் தாழ்த்தாமல் கவனிக்கப்பட வேண்டியவை.